தொற்றும் தீட்டும்

வேற்றூரிலிருந்து பிழைப்பு நாடி வந்த ஒருவரிடம் அரசாங்க மருந்தகத்து வைத்தியர், "உமக்கு எந்த ஊர்? இங்கு வந்து எத்தனை மாதமாயிற்று? இருமல் உண்டா?" என்று வினவுகின்றார், அவர் சொல்லும் ஊரின் பெயரைக் கொண்டே கோழையையும் குருதியையும் சோதிக்க எழுதிக் கொடுக்கின்றார். உள்ளூரார் ஒருவர் அதே வாயிலில் வந்து நின்றிருந்தால் இக்கேள்விகளுள் பாதி எழுந்திரா. இவ்வாறு வந்தவரை மட்டும் தனியே பிரித்துச் சோதித்தல் அறத்தோடு பொருந்துமா? பொருந்துமெனின் எவ்வெல்லை வரை பொருந்தும்? இவ்வினாவை நம் அன்பர்கள் முன் வைத்து ஆராய விரும்புகின்றோம்.

தில்லி மாநகரின் மேற்கேயுள்ள ஜனக்புரியில் வாழும் தமிழருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. தில்லி வளர்ச்சி ஆணையம் மனை வகுத்து வீடு கட்டிய பின்னர் அங்குக் குடியேறியவர்களே அப்பகுதியாருள் பெரும்பாலோர். உத்தியோகத்தின் பொருட்டு வந்த தமிழரும் அவருள் அடங்குவர்; அவர்தம் மக்கள் கற்கத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும் அங்கு நடைபெறுகின்றது. ஜனக்புரியை அடுத்த உத்தம் நகர், விகாஸ்புரி, ஹஸ்த்சால், பிந்தாப்பூர், சீதாபுரி முதலிய இடங்களில் பீகார், உத்தரப் பிரதேசம், வங்காளம், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலத்துத் தொழிலாளர் ஓரறைக்கு நால்வரும் ஐவருமாக வாழ்கின்றனர். பர்மாவின் மலைநாட்டிலிருந்து அடைக்கலம் புகுந்த சின் இனத்து மக்களும் அதே தெருக்களில் பல ஆண்டுகளாக வசிக்கின்றனர். 2021-இல் அந்நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் மேலும் பலர் வந்தனர். அவர்களுட் பலருக்கு இந்தி தெரியாது. மருந்தகத்தில் தம் நோயைச் சொல்லச் சொல்லின்றித் திகைப்பர். முன்னே வந்தவர் பின்னே வந்தவரை ஐயுறுதல் உலகத்து வழக்கம். அவ்வழக்கம் நம்மவரையும் பற்றியிருத்தலை மறுப்பதற்கில்லை.

இவ்விஷயத்தில் இரு திறத்தார் இரு வேறு பிழை செய்கின்றனர். ஒரு திறத்தார், "வந்தவரிடம் நோயைப் பற்றிக் கேட்பதே அவமதிப்பு, எல்லோரையும் ஒருபடியாக நடத்துவதே சமத்துவம்" என்பர். மற்றொரு திறத்தார், "ஊரின் நலத்தைக் காக்க வேண்டுமாயின் வந்தவரை முதலில் சோதித்து, நோயுள்ளவரை அப்புறப்படுத்துக" என்பர். முன்னவர் கூற்று இனிமையானது. ஆயினும் அதனால் நோயாளிக்கே கேடு விளையக் கூடும். பின்னவர் கூற்று முன்யோசனை போலத் தோன்றும். அதனால் நோயாளிக்கும் கேடு, ஊருக்கும் கேடு.

முன்னவர்க்கு விடையாக ஓர் உதாரணம் கூறுவோம். பீகாரிலும் ஜார்க்கண்டிலும் நீண்டகாலமாக இருந்துவரும் காலா ஆசார் என்னும் கருங்காய்ச்சலை மணல் ஈ பரப்புகின்றது. அக்காய்ச்சல் கண்டவருக்கு மண்ணீரல் வீங்கும், குருதி குன்றும், உடல் மெலியும். மருந்தின்றி விட்டால் அநேகமாக உயிர் போகும். கண்டறிந்து விட்டாலோ, துளிக் குருதியில் சில நிமிஷங்களில் சோதனை முடிந்துவிடும். தக்க மருந்தை ஒரே வேளையில் நரம்பு வழியாக ஏற்றியும் குணப்படுத்த இயலும். இரண்டு வாரமாகக் காய்ச்சலோடு வரும் தொழிலாளரிடம், "உமக்கு எந்த மாவட்டம்?" என்று கேளாத வைத்தியர், தில்லியில் வழக்கமாகக் காணும் டைபாய்டையும் மலேரியாவையுமே தேடிக்கொண்டிருப்பார். அத்தொழிலாளரை ஊர் கேளாமல் சமமாக நடத்தினோம் என்று மகிழ்வதற்குள் அவர் மாண்டுபோகக் கூடும். ஆதலின் ஊரைக் கேட்டல் தன்னளவில் குற்றமன்று. நோய்க்கு நிலமும் பருவமும் உண்டு. அவற்றை வினவுதல் வைத்தியத்தின் ஓர் அங்கமே.

பின்னவர்க்கு விடை கூறச் சற்று விரிவான ஆராய்ச்சி வேண்டும். அவர்கள் தொற்று என்று வாயாற் சொல்லும்போது மனத்தில் தீட்டு என்று எண்ணுகின்றனர் என்பதே நம் துணிபு. இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் நம் வாசகர்க்கு இயல்பாகவே உண்டு. தீட்டு என்னும் சொல்லின் சுமையைப் பல தலைமுறை தாங்கிய குடும்பங்களிலிருந்து வந்தோரே நம்முள் பெரும்பாலோர். எனவே இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை வகுத்துக் காட்டுவோம்.

முதலாவது, தொற்றுக்கு வழியுண்டு. வாந்திபேதி நீரால் வரும், மலேரியா கொசுவால் வரும், காசநோய் இருமுவோரின் மூச்சுக்காற்றால் வரும், எச்.ஐ.வி. குருதியாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து சேய்க்கும் வரும். உடன் உண்பதால் வாராது, கை பற்றுவதால் வாராது. வழியை அறிந்தால் அதனை அடைக்கலாம். தீட்டுக்கோ வழியொன்றும் வேண்டா. நிழல் பட்டாலே போதுமென்பர். இரண்டாவது, தொற்றுக்கு முடிவுண்டு. மருந்துக்கு அடங்கும் காசநோய்க்கு ஆறு திங்கள் சிகிச்சை. மருந்து ஒழுங்காகச் செல்லத் தொடங்கிய சில வாரங்களில் பிறர்க்குப் பரவும் தன்மை பெரிதும் குறைகின்றது. தீட்டுக்கு முடிவில்லை, பிறந்த நாள் தொட்டு இறந்த பின்னும் அது நீங்குவதில்லை. மூன்றாவது, தொற்று இருக்குமாயின் இன்னாரது உடலில் இருக்கும். சோதித்தால் உண்டு இல்லை என்பது தெரிந்துவிடும். தீட்டோ கூட்டத்தைப் பற்றியது. அதனை எந்தச் சோதனையும் இல்லையென்று மெய்ப்பிக்க இயலாது. இம்மூன்றினின்றும் நான்காவது வேற்றுமை தானே பிறக்கின்றது. தொற்றைக் கண்டவர்க்கு மருந்தளித்தல் கடமை; தீட்டைக் கண்டவர்க்கோ விலகி நிற்றலே கடமையாகப் போதிக்கப்பட்டது.

எனவே ஒரு சோதனை மருத்துவமா, தீண்டாமையா என்பதை அறிய வேண்டின், சோதனைச் சாலையின் கருவிகளை நோக்கற்க. சோதனை முடிந்தபின் நோயுள்ளவர் எங்கே அனுப்பப்படுகின்றார் என்பதை நோக்குக. நோயில்லாதவர் என்று தெரிந்த பின்னரும் அவர்மேல் ஐயம் தங்குகின்றதா என்பதையும் நோக்குக. ஊரின் பெயர் கேள்விக்குத் தொடக்கமாகலாம், தீர்ப்புக்கு ஆதாரமாகலாகாது.

பிறரைச் சோதிப்பதைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், நம்மவர் சோதிக்கப்பட்ட வாயில்களை நினைத்தல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியாலும் பெரியம்மையாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் மடிந்தோர் பலர். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை அரசாங்கம் இராமநாதபுரம் பகுதியிலுள்ள மண்டபத்தில் ஒரு முகாம் வைத்தது. கடல் கடக்குமுன் தோட்டத் தொழிலாளரை அங்கே நாட்கணக்கில் நிறுத்தி, துணிமணிகளைத் தூய்மை செய்து, அம்மை குத்தி, நோய்க்குறி உண்டா என்று நோக்கி அனுப்பினர். வாந்திபேதியும் பெரியம்மையும் கடல் கடவாமல் தடுத்ததில் அம்முகாமுக்குப் பங்குண்டு. அந்நன்மையை நாம் மறைக்கலாகாது.

ஆயினும் அங்குச் சோதிக்கப்பட்ட உடல் யாருக்காகச் சோதிக்கப்பட்டது? தோட்டத்திற்காக. கடலுக்கு அப்பால் அத்தொழிலாளரை ஓரறை லயங்களில் நெருக்கி வைத்தபோது, அந்நெருக்கத்தால் விளையும் நோயைச் சோதிக்க அத்தகைய ஊக்கம் எழவில்லை. வந்தவர் கொண்டுவரும் நோயில் கண்ணாயிருந்தனர். வந்தவருக்கு அங்கே நேரும் நோயில் கண் மூடினர். 1964-இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டபின், அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் தாயகம் திரும்பியபோது அவர்களை ஏற்றதும் அதே மண்டபமே. 1983-க்குப் பின்னர் ஈழத்து அகதிகள் தங்கியதும் அங்கேயே. ஒரே நிலம் போவோரைத் தடுக்கும் வாயிலாகவும் வருவோரைத் தாங்கும் நிழலாகவும் இருந்திருக்கின்றது. காயசண்டிகை உருவில் சென்ற மணிமேகலை அரசனை வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றிய வரலாற்றைத் தமிழ்ப் பௌத்தர் எவரும் அறிவர். அங்கே சுவர் மாறவில்லை. அதனுள் நடக்கும் செயலே மாறியது.

இன்றும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் தமிழர் புறப்படுமுன் மார்புப் படமும் குருதிச் சோதனையும் கொடுக்கின்றனர். குறை கண்டால் தகுதியற்றவர் என்னும் முத்திரை விழுகின்றது. கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டிய ஏழைக்கு அம்முத்திரை நோயினும் கொடிது. பிரிட்டனில் இருவகைச் சோதனையையும் ஒருங்கே காணலாம். 2012 முதல் படிப்படியாக, இந்தியா உட்படக் காசநோய் மிகுந்த நாடுகளிலிருந்து ஆறு திங்களுக்கு மேல் தங்கச் செல்வோர் புறப்படுமுன்பே சான்று காட்டவேண்டுமென்று விதித்தனர். இஃது எல்லைக் காவல். மற்றொன்று இங்கிலாந்தில் 2015 அளவில் தொடங்கியது: அத்தகைய நாடுகளிலிருந்து அண்மையில் வந்த இளவயதினரைக் குடும்ப மருத்துவரே அழைத்து, உடலில் உறங்கிக் கிடக்கும் காசக்கிருமி உண்டா என்று பார்த்து, இருந்தால் நோயாக மூளுமுன்பே தடுப்பு மருந்து கொடுப்பது. கிருமி உறங்குவோருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் என்றேனும் நோய் மூளும்; அவர்கள் அதுவரை எவருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆதலின் இரண்டாவது சோதனையால் பெரும்பயன் பெறுவோர் சோதிக்கப்படுவோரே. அந்நாட்டில் காசநோய்ச் சிகிச்சைக்குக் குடியேற்ற நிலை கேட்டுக் கட்டணம் வாங்குவதுமில்லை. ஒரே நாட்டில், ஒரே மக்களிடத்தில், ஒரே கிருமியைத் தேடும் இரு சோதனைகளுள் முன்னது வாயிற்காவலன் செயல். பின்னது வைத்தியன் செயல்.

நம் நாட்டில் 2020 மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்ததை யாரும் மறந்திரார். ஊரடங்கின்போது தில்லி முதலிய நகரங்களிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளரைப் பெரேலியில் சாலையோரத்தில் குந்தவைத்து, பேருந்துகளுக்கென வைத்திருந்த கிருமிநாசினி நீரை அவர்கள் மேல் பீய்ச்சினர். பெண்டிரும் பிள்ளைகளும் கண்ணெரிச்சலால் வருந்தினர். கொரோனா மூச்சு வழியே பரவுவது; உடைமேல் நீரைத் தெளிப்பதால் மூச்சினுள் இருக்கும் கிருமி சாவதில்லை. அச்செயலுக்கு மருத்துவப் பொருள் ஒன்றுமில்லை. எவருக்கு நோயுண்டு என்று எவரும் பார்க்கவில்லை. வந்தவர் என்பதே போதுமானதாயிற்று. தொற்றின் பெயரால் தீட்டுக் கழிக்கும் சடங்கே அங்கு நடைபெற்றது.

இவ்விடத்தில் நம் அன்பர் ஒருவர், "பகவான் புத்தரே சங்கத்தின் வாயிலில் நோயைக் கேட்கச் சொல்லவில்லையா?" என்று வினவக்கூடும். நேர்மையான கேள்வி, மழுப்பாமல் விடை கூறவேண்டும். குட்டம், கட்டி, தோல்வெண்மை, க்ஷயம், காக்கைவலிப்பு ஆகிய ஐந்து நோயுடையாரைத் துறவு நிலையில் சேர்க்கலாகாதென்று விநயத்தில் விதியுண்டு. துறவு பூண வருவோரிடம் இந்நோய்கள் உண்டாவென்று கேட்டலும் உண்டு. ஆனால் அவ்விதி பிறந்த காரணத்தை மகாவக்கம் தெளிவாகச் சொல்கின்றது. மகத நாட்டில் இவ்வைந்து நோயும் பரவியிருந்த காலத்தில் மக்கள் ஜீவகனை நாடினர். அரசனுக்கும் அந்தப்புரத்தார்க்கும் சங்கத்தார்க்கும் வைத்தியம் செய்யும் பொறுப்பிருத்தலால் தன்னால் இயலாதென்றான் அவன். பிக்குகளாயினால் சங்கத்தார் பணிவிடை செய்வர், ஜீவகனும் மருந்தளிப்பான் என்றெண்ணிப் பலர் சீவரம் பூண்டனர். நோய் தீர்ந்ததும் களைந்து சென்றார் ஒருவர். இதனைக் கண்ட ஜீவகனது வேண்டுகோளின்மேல் எழுந்ததே அவ்விதி.

இதில் இரண்டு செய்திகளைக் கருதவேண்டும். ஐந்தனுள் காக்கைவலிப்பு தொற்றுவதன்று, தோல்வெண்மையும் தொற்றுவதன்று. எனவே அவ்விதி தொற்றுக்கு அஞ்சிப் பிறந்ததாகக் கொள்ள இடமில்லை. துறவு என்பது மருந்து பெறும் உபாயமாகிவிடலாகாது என்பதே அதன் கருத்து. மருந்து கிடைக்கும் வேறிடம் இருந்திருந்தால் அம்மக்கள் சீவரத்தை நாடியிருக்க மாட்டார்கள். துறவு எவர்க்கும் கட்டாயமன்று; வைத்தியமோ எவர்க்கும் இன்றியமையாதது. மடாலயத்து வாயிலில் கேட்ட கேள்வியை மருந்தகத்து வாயிலில் கேட்டு, "நோயுடையீர், உள்ளே வாரற்க" என்பது பொருளற்ற கூற்று. நோயுடையார் வருவதற்கென்றே அமைந்த வாயில் அது.

அன்றியும் கேட்கும் முறையை அதே மகாவக்கம் கற்பிக்கின்றது. சங்கத்தார் நடுவே திடீரென இக்கேள்விகளைக் கேட்டபோது வந்தோர் நாணி விடை கூற மாட்டாது தயங்கினர். அதனால் முதலில் அவர்களைத் தனியே அழைத்துச் சென்று, கேட்கப்போவது இன்னின்னது என்று விளக்கிய பின்னரே சபையில் கேட்கவேண்டுமென்று பகவான் விதித்தார். நாணத்தை மதியாதவர்க்கு உண்மையான விடை கிடையாது என்பதை இருபத்தைந்து நூற்றாண்டுகட்கு முன்னரே அறிந்திருந்தனர். இன்றோ கூட்டம் நிறைந்த கூடத்தில் எழுத்தர் உரத்த குரலில் நோயின் பெயரைச் சொல்லிச் சீட்டை நீட்டுவது பல மருந்தகங்களில் சாதாரணம்.

சங்கத்தினுள் நோயுற்றவர் நிலையென்ன என்பதையும் சேர்த்துப் பார்ப்போம். வயிற்றுக்கடுப்பால் தம் மலத்திலேயே விழுந்து கிடந்த பிக்குவைப் பகவான் கண்டார். பணிவிடை செய்வார் ஏன் இல்லையென்று வினவியபோது, தம்மால் பிற பிக்குகளுக்குப் பயன் ஒன்றுமில்லை, அதனால் அவர்கள் தம்மைக் கவனிப்பதில்லை என்றார் அவர். பகவான் நீர் வார்க்க, ஆனந்தர் உடலைக் கழுவினார். இருவரும் தலையும் காலும் பற்றித் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். இங்கே பகவான் செய்ததைவிட அந்நோயாளி கூறிய காரணமே நம்மைச் சிந்திக்கச் செய்கின்றது. பயனில்லாதவரை யார் பேணுவர் என்பது அவர் எண்ணம். ஜனக்புரியின் பின்தெருவில் இருமிக் கிடக்கும் அயலாரும் அவ்வாறே எண்ணுகின்றார். வேலை செய்யும் வரைதான் இந்நகரம் தம்மை வைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். ஆதலின் இருமலை மறைக்கின்றார்.

நோயாளிக்கும் அறம் உண்டு என்பதையும் நாம் மறக்கலாகாது. பேணுதற்கு எளியவரான நோயாளியின் இலக்கணங்களைக் கூறுமிடத்து, நோயின் நிலையை உள்ளவாறு உரைத்தலையும் பகவான் ஒன்றாக வைத்தார். தம் இருமலால் அறைத்தோழர்க்கும் பச்சிளம் பிள்ளைகட்கும் தீங்கு நேரலாமென்று அறிந்தும் மறைப்பவர், உயிர்க்கு ஊறு செய்யாமை என்னும் முதற்சீலத்திலிருந்து வழுவுகின்றார். ஆனால் உண்மை சொன்னவரை வேலையினின்றும் அறையினின்றும் விரட்டும் ஊரில், பொய்யின் பழியில் பாதி ஊரையே சாரும். உண்மையைக் கேட்க உரிமை வேண்டுபவர், உண்மை சொன்னவரைக் காக்கும் பொறுப்பையும் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

"நோயாளியை அருகில் வைத்துக்கொண்டு நாம் எப்படிப் பிழைப்பது?" என்று வீட்டுக்காரர் கேட்பார். இக்கேள்விக்குத் தமிழகமே உலகத்துக்கு விடை அளித்தது. தாம்பரத்துக்கு அடுத்த இரயில் நிலையத்தின் பெயர் இன்றும் சானடோரியம் என்றே வழங்குகின்றது. காசநோயாளியை ஊருக்கு வெளியே நல்ல காற்றில் தனியே வைத்தல் வேண்டுமென்பது அக்காலத்துக் கொள்கை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சென்னையில் ஒரு காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் நிறுவின. ஏழை நோயாளிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியாரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியாரைத் தத்தம் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தோர் குறைந்த உணவும் குறைந்த ஓய்வும் பெற்றும் ஏறத்தாழ ஒத்த குணமே அடைந்தனர். உடனிருந்த குடும்பத்தாரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியதில், வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்ததால் அவர்க்கு அதிகக் கேடு விளைந்ததாகவும் தெரியவில்லை. நோயாளியைத் துரத்துவதாற் பயனில்லை, மருந்தை ஒழுங்காக அளிப்பதே ஊரைக் காக்கும் என்று இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. சென்னைக் குடிசைகளில் கண்ட அவ்வுண்மையை உலகநாடுகள் பலவும் பின்பற்றின. அதனைத் தில்லியில் வாழும் தமிழர் மறத்தல் வெட்கத்துக்குரியது.

இன்னொரு செய்தியையும் வீட்டுக்காரர் அறிதல் நன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், நாட்டில் லட்சம் பேருக்கு 312 பேர் நோயுடையாராக மதிப்பிடப்பட்டனர், தில்லியிலோ 747. எல்லா மாநிலங்களினும் மிகுதி இதுவே. நோய்க்குறி இருந்தும் வைத்தியரிடம் செல்லாதோர் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டனர் என்பதும் அதே கணக்கெடுப்பிற் கண்ட உண்மை. அங்ஙனமாயின், மலைநாட்டிலிருந்தும் கிராமத்திலிருந்தும் தில்லிக்கு வருவோர் தில்லிக்கு நோய் கொண்டுவருகின்றனர் என்பதைவிட, தில்லியின் காற்றோட்டமற்ற அறைகளில் நோயைப் பெறுகின்றனர் என்று அஞ்சுவதற்கே காரணம் மிகுதி. மண்டபத்தில் சோதித்து லயத்தில் நெருக்கிய பழைய கதையை நாம் மீண்டும் நடத்தலாகாது. அறைக்கு வாடகை வாங்குவோர், அவ்வறைக்குச் சாளரம் உண்டா என்பதையும் சோதித்தல் முறை.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் குருதிச் சோதனைச் சான்று கேட்கும் வழக்கம் சில வீடுகளில் காணப்படுகின்றது. வேலைக்கு நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை கேட்டலை 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் தடுக்கின்றது. சம்மதமின்றிச் சோதித்தலையும் அது பொதுவாக விலக்குகின்றது. சட்டம் இருக்கட்டும், பாத்திரம் கழுவும் கையினால் அந்நோய் பரவாது என்பதைக் கற்றவர் அறிவர். அறிந்தும் கேட்பாராயின் அவர் அஞ்சுவது தொற்றுக்கன்று. தனிக் குவளை வைத்த திண்ணைகளைத் தாண்டி வந்த நாம், நம் சமையலறையில் மற்றொருவர்க்குத் தனிக் குவளை வைப்போமாயின், புத்தரைச் சரணடைந்ததன் பயன்தான் யாது?

இனிச் செய்ய வேண்டுவன எவை? இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கையும் மருந்தகத்துக்கு வருவோர் எல்லாரிடத்தும் கேட்கட்டும். அங்கே உள்ளூரார், வெளியூரார் என்னும் வேற்றுமை வேண்டா. ஊரைப் பொறுத்து வேண்டும் தனிக் கேள்விகளை அதன்மேல் கேட்கலாம். கேட்கும்போது ஏன் கேட்கின்றோம் என்பதை அவர் அறியும் மொழியில் தனியே சொல்லிக் கேட்கட்டும். சோதித்த இடத்திலேயே மருந்து தொடங்க வேண்டும். மருந்து தர வகையில்லாத நோயைத் தேடித் திரிதல் மக்களை அச்சுறுத்துவதே ஆகும். சோதனையின் முடிவு வைத்தியரையும் நோயாளரையும் தவிர, வீட்டுக்காரர்க்கோ, முதலாளிக்கோ, காவல் நிலையத்துக்கோ செல்லலாகாது. ஆறு திங்கள் சிகிச்சைக்கிடையே அவர் வேறிடம் பெயர்ந்தால் மருந்தும் அவரைத் தொடர்ந்து செல்ல ஏற்பாடு வேண்டும்.

மருந்தகம் மக்களை நாடிச் செல்ல முடியுமென்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. தில்லி அரசாங்கம் 2015-இல் தொடங்கிய மொகல்லா கிளினிக்குகளுள் முதலாவது, மேற்குத் தில்லியில் பீராகடியிலுள்ள இடம்பெயர்ந்தோர் முகாமிலேயே திறக்கப்பட்டது. 2025-இல் ஆட்சி மாறியபின் இவ்வகை மருந்தகங்களுக்கு மாற்றாக ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்கள் ஏற்படலாயின. பெயர் எதுவாயினும் ஆகுக. வந்தவர் குடியிருக்கும் தெருவில், அவர் வேலை முடிந்து வரும் நேரத்தில், அவர் மொழி அறிந்த ஒருவரோடு அது திறந்திருக்கின்றதா என்பதே கேள்வி. காசநோயாளரின் உணவுக்கென நடுவண் அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் அளித்து வருகின்றது. வங்கிக் கணக்கும் அடையாளச் சான்றும் இல்லாத அயலார்க்கு அத்தொகை எட்டுதல் அரிது. அங்கே துணை நிற்பதற்குப் பெரும்பொருள் வேண்டா. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அரைநாள் ஒதுக்கினால் போதும்.

இதற்கு நம் சங்கத்தாரே முன்வரலாம். ஜனக்புரியில் உள்ள நம் உபாசகருள் இந்தி அறிந்தோர் பலர். மருந்தகத்து நடைமுறை அறிந்தோரும் உளர். திங்களுக்கு இருமுறை, மொழி தெரியாத அயலார் ஒருவரோடு மருந்தகத்து வரிசையில் நிற்போம். வைத்தியர் கேட்பதை அவர்க்கும், அவர் கூறுவதை வைத்தியர்க்கும் மெல்லிய குரலில் எடுத்துரைப்போம். காசநோய் என்று தெரிந்தால், அவர்தம் வீட்டுக்காரரிடம் நாமே சென்று, மருந்துண்ணும் நோயாளிக்கு அஞ்ச வேண்டுவதில்லையென்று விளக்குவோம். அவர் சின் இனத்துக் கிறிஸ்தவராயினும், பீகாரத்து முஸ்லிமாயினும், நம்மூர்த் தமிழராயினும் இருமல் ஒன்றே, மருந்தும் ஒன்றே.

அன்பர்காள், வந்தவரைக் கேளுங்கள், கேட்டலில் குற்றமில்லை. ஆனால் அவர் உண்டு என்று விடை கூறிய அக்கணமே அவரைத் தாங்கும் கடன் உங்களுடையது என்பதை நினைவிற் கொண்டு கேளுங்கள். அக்கடனை ஏற்க மனமில்லாதவர் அக்கேள்வியைக் கேட்கத் தகுதியுடையரல்லர்.